ஒரு துண்டைப் பெரட்டுங்க

தலைவர் புஹாரி ஹாஜியார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பதுளைக் கடைத்தெருவின் தோழர்களே, ஸ்பிரிங்வெளியிலிருந்து பஸ் ஏறி வந்த தாய்மார்களே, முன்வரிசையில் இருக்கும் ஸரூக்கின் துணைவியார் றின்ஸா அவர்களே, வணக்கம். நான் சுஜன். ஸரூக்கின் பக்கத்துக் கடை.

வானொலி திருத்தும் வித்தகர் ஸரூக் போய்விட்டார். காய்ச்சல். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னீர்கள். உண்மை. நான் வேறொன்று சொல்ல வேண்டும். எனக்கு அவர் மீது பொறாமை. இருந்தது என்று சொல்லவில்லை. இருக்கிறது. இந்த மண்டபம் நிறைந்திருப்பதைப் பார்க்கும்போதும் இருக்கிறது.

பழுதான ஸ்பீக்கருக்குள் ஒரு கறுப்பு வளையம். பீங்கான் காந்தம். அவரும் கழற்றினார். நானும் கழற்றினேன். அதை ஷொப்பிங் பேக்கில் சுற்றி, பட்டறைத் தரையில் தேய்த்து, பிறகு பேக்கை உட்புறம் வெளியாகத் திருப்பினால் இரும்புத்தூள் தனியே வந்துவிடும். இருவரும் காட்டினோம். நான் காட்டினால் பாடம். ஸரூக் காட்டினால் வேடிக்கை! ஏன்? குரலா? சிரிப்பா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, போவார். தோளில் பை. பைக்குள் காந்தங்கள். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவார், வீட்டுத் தேவைக்குக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார். சில நாள் நானும் கூடப் போவேன்.

ஸ்பிரிங்வெளி வடிவம்மா அக்கா இங்கே இருக்கிறார். விடிகாலையில் கங்காணி பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேரையே வெட்டிவிடும் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவர் வீட்டு அலுமாரிக் கதவு சாத்தாது. அரிசிக்கு எலி வரும். ஒரு வளையம் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன்! அது கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. அக்கா ஒரு துண்டைக் கதவிலும் மற்றதைச் சட்டத்திலும் ஒட்டிவிட்டார். கதவைச் சாத்தினால் அது தானே திறந்தது. பேய் என்று லயமே கூடிவிட்டது.

ஸரூக் பார்த்தார். “ஒரு துண்ட பெரட்டுங்கக்கா.”

“விடியக்காலைல பெரட்டுக்குப் போயிட்டுத்தானே வர்றேன், இன்னும் என்னத்தங்க பெரட்ட?”

“இது கங்காணி இல்லாத பெரட்டுக்கா. பேரும் வெட்டமாட்டாங்க.”

லயமே சிரித்தது. துண்டைப் புரட்டி ஒட்டினார். டக். கதவு சாத்திக்கொண்டது. அன்றிலிருந்து அது ஸரூக் தம்பி செய்த கதவு. என் காந்தம். அவருடைய கதவு.

ஒரே முகம் காட்டினால் காந்தம் தள்ளும். நாங்கள் அப்படித்தான் இருந்தோம். ஒரே தெரு, ஒரே வேலை, ஒரே வளையம். யார் புரண்டிருக்க வேண்டும்? அவர் புரளவேண்டிய தேவை என்ன!

சற்று முன் மண்டப வாசலில் அக்கா கேட்டார்.

“ஞாயித்துக்கெழம இனி யாருங்க தம்பி வருவா?”

“நான் வர்றேன்க்கா.”

“வாங்க, வாங்க. ஆனா, ஸரூக் தம்பி மாதிரி வருமாங்க?”

வராது.

றின்ஸா அவர்கள் அந்தப் பையை என்னிடம் தந்திருக்கிறார். மேடைக்குக் கீழே இருக்கிறது. அவர் போன லயங்களுக்கெல்லாம் நான் போவேன். இந்தச் சபையில் சொல்கிறேன். வரும் ஞாயிறு ஸ்பிரிங்வெளி. அங்கே நீங்கள் ஸரூக்கைப் பற்றித்தான் பேசுவீர்கள். பேசுங்கள். பெரட்டுக் கதையை என்னையே சொல்லச் சொல்வீர்கள். சொல்கிறேன்.

நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு எரியும். எரிந்துகொண்டே பையைத் திறப்பேன்.