ஆறிடுச்சு சார்

இல்ல சார், இப்ப தொறக்க முடியாது. கைய எடுங்க. மூடி மேல கை படம் போட்டு சிவப்புல கோடு அடிச்சிருக்கான் பாருங்க, அதுக்கு அதான் அர்த்தம். உள்ள கூலன்ட்டு, இன்ஜின் சூட்ட ஆத்தற தண்ணி, நூத்திப் பதினாறு டிகிரில கீது. மூடி இருக்கறதாலதான் அடங்கிக் கெடக்குது. தொறந்தா நேரா மூஞ்சிக்கு வரும். இன்ஜின் பின்னால இருக்கற வண்டி, சாவி பட்டன அமுக்கி பின் மூடியத் தொறந்து வுட்டீங்கல்ல, அதோட உங்க வேல முடிஞ்சிது. மத்தத நான் பாத்துக்கறேன்.

தெரியும் சார், பாண்டிச்சேரி போவணும். போன்லயே மூணு வாட்டி சொன்னீங்க. தூக்கிட்டுப் போற ட்ரக்கு இப்பதான் படாளம் தாண்டுதாம். கடப்பாக்கம் வந்து சேரட்டும், அதுக்குள்ள வண்டியும் ஆறிடும். அதுவரிக்கும் இந்த சவுக்கு நெழலுதான் நமக்கு.

பாட்டில் தண்ணியா? அத நீங்க குடிங்க சார். கீழ பாருங்க, ரோஸ் கலர்ல ஓடுது. ஊத்த ஊத்த ஒழுகிடும். இருங்க, அது மேல மண்ணு தள்ளிட்டு வரேன். கூலன்ட்டு இனிப்பா இருக்கும், நாய் நக்கும். நக்குச்சுன்னா ரெண்டு நாள்ல செத்துரும். ச்சூ! போ அந்தாண்ட!

பாத்தீங்களா, அதுகூட சொன்னா கேக்குது. இல்ல சார், உங்கள ஒண்ணும் சொல்லல.

இதுவா? ஸ்கேனரு. வண்டிக்குள்ள இன்னா நடந்துச்சோ எல்லாம் இதுல வந்துரும். அதுக்குதான் வந்தவுடனே உங்ககிட்ட கையெழுத்து வாங்குனேன். ஸ்கேன் பண்ண சம்மதம், ரிப்போர்ட்டு ஒரு காபி உங்களுக்கு, ஒண்ணு எங்க ஆபீசுக்கு. படிச்சிப் பாத்துட்டுப் போடுங்க சார்னு ரெண்டு தடவ சொன்னேன். நீங்க போன் பேசிகினே போட்டுட்டீங்க. எங்கப்பா அப்பிடி வுடவே மாட்டாரு. பாக்காம எதுலயும் கையெழுத்து போடாதடான்னுவாரு. அவருக்குப் போடத் தெரியாது, கைநாட்டு. அதான் என் கையெழுத்துன்னா அவருக்கு அவ்ளோ பெருமை.

ஆமா சார், படிச்சவன்தான். பி.இ. மெக்கானிக்கல். எங்க வூட்ல நான்தான் முதல் பட்டதாரி, சர்டிபிகேட்டே கீது. பி.இ. படிச்சிட்டு ரோட்ல வண்டிக்கு அடில படுக்கறியான்னு நீங்க சிரிக்கலாம். சிரிங்க. பரவால்ல.

இப்ப தொண்ணூத்தி ஏழு டிகிரி. இன்னும் இல்ல சார்.

எப்பிடி எழுதணும்? லைட்டு எரிஞ்சவுடனே நிறுத்திட்டேன்னா? அது முடியாது சார். சிவப்பு லைட்டு எரிஞ்சதுக்கு அப்புறம் பதினோரு கிலோமீட்டர் ஓட்டியிருக்கீங்க. நான் சொல்லல, மிஷின் சொல்லுது. வாரன்ட்டி கெடைக்காதுன்னா அது உங்க கஷ்டம். பர்ச உள்ள வைங்க சார், ரோட்ல போறவங்க பாக்கறாங்க.

இந்த பைப்ப பாருங்க. வெடிப்பு புதுசு இல்ல. மேல ஏதோ பேஸ்ட்ட அப்பி வச்சிருக்காங்க. வண்டிக் கம்பெனி சர்வீசுக்கு எடுத்துகினு போவலையா? ஓ, டைம் கெடைக்கல. சரி சார். நானும் யோசிச்சேன், இவ்ளோ வெலையுள்ள வண்டிய எதுக்கு மரத்தடி மெக்கானிக்குகிட்ட வுட்டாருன்னு. கம்பெனிக்குப் போனா ஸ்கேன் பண்ணுவாங்க. பண்ணா பழசெல்லாம் வெளிய வரும். அப்பிடி இல்லையா? இல்லன்னா சரி.

எழுவத்தி ரெண்டு. உக்காருங்க சார். ஏன் நின்னுகினே கீறீங்க?

பழசு படிக்கட்டுமா? ஜூன் எட்டு, ஞாயித்துக்கெழம. நாலு பத்துக்கு இன்ஜின் ஆஃப். சூடு நூத்திப் பதினேழு. நாலு பதினாறுக்கு பின் மூடி தொறந்திருக்கு, சாவி பட்டன்லேர்ந்து. நடுவுல ஆறு நிமிஷம். ஆறே ஆறு நிமிஷம் சார்.

ஞாபகம் இல்லையா? மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், அந்த ரிசார்ட்டுல கார் நிறுத்தற எடம். வண்டிய எங்க நிறுத்துனா வெயில் படாதுன்னு ஓடியாந்து எடம் காட்டுனாரே ஒரு வாட்ச்மேன். காக்கி சட்ட, தோள்ல ஈரத் துண்டு. நீங்க கூட, யோவ் தாத்தா, இங்க வான்னு கூப்ட்டீங்க. அவருக்கு அம்பத்தாறு வயசுதான் சார்.

ஏன் சார் கத்தறீங்க? நான் கத்தலையே.

கோர்ட்டுல நீங்க எழுதிக் குடுத்தது எனக்கு மனப்பாடம். வண்டிய பூட்டிட்டு ரூமுக்குப் போயிட்டேன், சாவி என் பாக்கெட்டுல இருந்துச்சு, அந்த ஆளு தானா போயி நோண்டிக்கிட்டான்னு எழுதியிருக்கீங்க. ராவெல்லாம் படிச்சேன். சாவி பாக்கெட்டுல இருந்தா பின் மூடிய யாரு தொறந்தது? வெளிலேர்ந்து தொறக்கற வண்டியா இது? இப்ப என் கண்ணு முன்னாடி நீங்கதான அமுக்குனீங்க?

வாட்ச்மேனுக்கு வலது கண்ணு போயிடுச்சு சார். நெத்திலேர்ந்து கழுத்து வரிக்கும் தோலு வழண்டு போச்சு. குடிச்சிட்டு நோண்டுனான்னு வேற பேசுனீங்களாம். அவரு டீயே குடிக்க மாட்டாரு.

போன் பண்ணுங்க, யாருக்கு வேணா பண்ணுங்க. ரிப்போர்ட்டு ஆபீசுக்குப் போயிடுச்சு. நான் எழுதி முடிச்சவுடனே தானா போயிரும். பதினேழாம் தேதி வாய்தா. எங்க வக்கீலு ஆபீசுலேர்ந்து கேட்டு வாங்கிப்பாரு. எழுதறப்ப எனக்கும் பயம்தான் சார். ஒரு நம்பர மாத்தி எழுதிட்டாக்கூட எல்லாம் போச்சு. அதான் ஒண்ணொண்ணா ரெண்டு வாட்டி பாத்து எழுதுனேன். ஒரு வார்த்த கூட்டல.

ஏமாத்துனேனா? நானா? அந்த ஃபாரத்த எடுங்க. உங்க கையெழுத்துக்கு நேர் மேல படிங்க. படிங்க சார். வண்டிய பாக்கற டெக்னீஷியன் சாம், த/பெ ஏசுபாதம், மேற்படி வண்டியால காயம்பட்டவரோட மகன், வேற ஆள் வேணும்னா வண்டிக்காரர் கேக்கலாம். என் கையாலதான் எழுதுனேன். நீங்க வேற ஆள் கேட்டிருந்தா பைக்க திருப்பிகினு போயிருப்பேன். இன்னிக்கு எனக்கு லீவு சார். உங்க வண்டி நம்பரு வந்துச்சுன்னு ஆபீசுலேர்ந்து மூர்த்தி அண்ணன் போன் பண்ணாரு. பக்கத்துலதான் இருந்தேன், ஒரே மூச்சா வந்தேன். வர்ற வழியெல்லாம் மனசுல ஒண்ணுதான் ஓடிச்சு. சூடா இருக்கும்போதே அவரையே தொறக்கச் சொல்லிடலாமான்னு. நெசமா சார். நீங்க மூடில கைய வச்சப்போ நான் சும்மா இருந்திருந்தாலே போதும்.

நாப்பத்தி ஆறு. ட்ரக்கும் வந்துகினு கீது, தோ பாருங்க.

இப்ப தொறக்கலாம் சார். இந்தாங்க துணி. நீங்களே தொறங்க. அவசரமா போவணும்னீங்களே. நல்லா குனிஞ்சி, மூஞ்சிய கிட்ட வச்சி பாத்துத் தொறங்க.

இன்னா சார், பின்னால போறீங்க? ஆறிடுச்சுன்னுதான சொல்றேன். நம்பர இங்க வந்து பாருங்க. நம்பலையா?

எங்கப்பா ஒரு வாட்டிதான் சார் கேட்டாரு, ஆறிடுச்சான்னு. நீங்க ஆறிடுச்சுன்னீங்க. துண்ட மடிச்சிகினு குனிஞ்சிட்டாரு.