தலைகீழாய் நின்ற டீக் கப்பு

தேவிபட்டினம் பஸ்ஸில் முன் இருக்கையில் மைனியும் நாத்தனாரும் இருந்தார்கள். மைனியின் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார்.

"அடுப்படியில டீக் கப்பு தலைகீழா நிக்குது" என்றார் மைனி.

"என்ன மைனி சொல்றீங்க?"

"செவத்து டைல்ஸு கழண்டு மீன் கொழம்புலயே விழுந்துச்சு. அடுப்புகிட்ட நிக்கவே பயம். ஒங்க அண்ணன் வள்ளத்து ஓட்டைய அடைக்கிற ரெசின வச்சு எல்லாத்தையும் ஒட்டுனாரு. கப்புப் படம் போட்டத மட்டும் தலைகீழா ஒட்டிட்டாரு. கேட்டா, குடிச்சுட்டுக் கவுத்து வச்சதுங்கிறாரு."

"பேத்துத் திருப்பலாமுல்ல?"

"கொத்தனாரு உளி வச்சுப் பாத்தாரு. செவருதான் வரும், டைல்ஸு வராதுன்னுட்டாரு. எனக்கு அது போதும். இப்ப பயமில்லாம சமைக்கிறேன்."

"செலவு?"

"ரெசினு மிச்சங் கெடந்தது. கொத்தனாருக்குக் கடையில வாங்கிக் குடுத்த டீயும் வடையும் இருவது ரூவா."