பெட்ரோல் குழாயில் கட்டிய தோல் வார்

தலைமை ஏற்றிருக்கும் மேலாளர் கனகராஜ் அவர்களே! ஈரத் தோலைச் சுமந்து சுமந்து தோள் காய்த்த பெரியவர்களே! சோற்று நேரத்தையும் இந்தச் சபைக்குத் தந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வாசலோடு நின்றவனை நான் கைபிடித்து அழைத்துவர, கடைசி வரிசையில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருக்கும் தம்பி ஃபைஸானே! பேரணாம்பட்டுத் தோல் பதனிடும் ஷாப்பின் மெக்கானிக் ஷபீ அஹமதின் சலாமும் வணக்கமும்!

பாதுகாப்பு நாள் என்று பேசச் சொன்னார்கள். தோல் ஏற்றும் நம் குட்டி லோடர் வண்டியின் பெட்ரோல் குழாயைப் பற்றிப் பேசப் போகிறேன். அதில் பேச என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது அய்யா, நெஞ்சு சுடும் அளவுக்கு இருக்கிறது!

போன மாதம் அந்தக் குழாயில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு. புதுக் குழாய் வாங்க ஆம்பூர் போகவேண்டும். போனேனா? போகவில்லை! கீழே கிடந்த தோல் துண்டை வாராகக் கிழித்தேன், இறுக்கிச் சுற்றினேன். பை கிழிந்தால் தோல், கதவு ஆடினால் தோல், பெல்ட் அறுந்தால் தோல்! தோலில் பிழைக்கிறவன் வேறெதை நம்புவான்?

மறுநாளே, லோடரருகே தோல் அடுக்கும் ஆரோக்கியமேரி கேட்டார், "இன்னா பாய், பெட்ரோல் வாசன ஜாஸ்தியா இருக்குது?"

"தோல் ஷாப்புல நின்னுக்கினு வாசனைய பத்தி பேசுறியேம்மா!" என்றேன். சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன்.

தோல் கசிவை நிறுத்தவில்லை, மறைத்தது! ஊறி ஊறி, ஒரு நாள் கொதிக்கும் சைலன்சர்மேல் சொட்டியது. குப்பென்று தீ! ஓட முடிந்த எல்லோரும் வெளியே ஓடினோம். ஃபைஸான் மட்டும் உள்ளே ஓடி, கை வேக வேகப் பெட்ரோல் வால்வை மூடினான். தீக்கு அப்பால் சிக்கி நின்ற நான்கு பெண்களும் அதனால்தான் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் சட்டைப் பையில் ஒரு பீடிக்கட்டு இருந்தது. அது போதாதா? பழி அவன்மேல் விழுந்தது, வேலை போனது. முப்பது வருஷப் பேர் கெட்டுவிடுமே என்று நான் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, தாய்மார்களே.

குழாய் கசிந்தால் என்ன செய்யவேண்டும், இனிக் கேளுங்கள்! எஞ்சினை நிறுத்து, வால்வை மூடிவிடு. சூடு ஆறட்டும். வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளு. குழாயில் நிற்கும் பெட்ரோலை மூடியுள்ள கேனில் வடி, வாயால் உறிஞ்சாதே! பெட்ரோலுக்கென்றே செய்த குழாயைப் போட்டு, கிளிப்பால் இறுக்கு. யார் "வாசனை" என்றாலும் வண்டியை நிறுத்து!

மேலாளர் அய்யா, கருகிய அந்த வார் இதோ, உங்கள் மேசைமேல் வைக்கிறேன். உங்கள் விபத்துக் காகிதத்தில் ஃபைஸான் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.

கை தட்டாதீர்கள், தயவுசெய்து! அய்யா ஏதோ சொல்கிறார்... "கை ஆறினதும் ஃபைஸான் வரட்டும், உன்ன அப்புறம் விசாரிக்கிறேன்" என்கிறார். கேட்டாயா தம்பி? விசாரிக்கட்டும்! வந்ததும் முதல் வேலையாக என் கைவேலையை நீ குனிந்து பார். நீ சரி என்ற பிறகுதான் வண்டி கிளம்பும்.

அன்று மூக்கை நம்பிச் சொன்ன ஆரோக்கியமேரிக்கும், இன்று பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வருகிறேன், வணக்கம்!