எதைவிடச் சூடு?

இன்று மாலை சென்னை மருத்துவமனையின் கண் டாக்டர் என்னிடம் உறுதி செய்தார்: நம் வகுப்பு மாணவர் ஆசீர்வாதத்தின் உயிருக்கு ஆபத்தில்லை, கண்களைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை.

இதைச் சொல்லிவிட்டே வணக்கம் சொல்ல வேண்டும் என்று வந்தேன். கும்மிடிப்பூண்டித் தொழிலாளர் மாலை வகுப்பின் ஆண்டு விழாத் தலைவர் அருணாச்சலம் ஐயா அவர்களே, ஆங்கில ஆசிரியை குணசுந்தரி அம்மையார் அவர்களே, ஆலையில் வெந்து, ரயிலில் நின்று, அலுப்போடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அவர்கள் நடுவே ஆசீர்வாதத்தின் மனைவியாய் உட்கார்ந்திருக்கும் ரோசம்மாளே, வணக்கம்.

ஒப்பிடும் ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஹாட், ஹாட்டர், ஹாட்டஸ்ட். ஹாட்டர் என்றால் எதைவிட என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆசிரியை அப்படித்தான் கற்பித்தார். ஆசீர்வாதம் பிழையில்லாமல் படித்தார், பிழையில்லாமல் சொன்னார். பிறகு ஏன் வெந்தார்?

அவருடைய ஆலையில் ஒரு வழக்கம். ரசாயனக் கொப்பரையின் வெப்பமானி உடைந்து வெகுகாலம் ஆகிறது. ஷிப்ட் முடிக்கிறவர் மூடியருகே கையை நீட்டிப் பார்த்து, அடுத்து வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போவார். திங்கட்கிழமை ஆசீர்வாதத்துக்கு அடுத்து வந்தவர் ராஜவேலு. அவர்தான் எனக்கு இதைச் சொன்னார்.

"இன்னா மச்சான், எப்படிக்கீது?"

"நேத்தைவிட கொஞ்சூண்டு சூடு. உன் ஊட்டுக்காரி கோவத்துக்கு முன்னாடி இது ஆறின கஞ்சி."

தமிழறியாத இன்ஜினியரிடம் அதையே ஆங்கிலத்தில் சொன்னார் ஆசீர்வாதம். இலக்கணத்தில் குற்றமில்லை. இன்ஜினியர் தலையாட்டினார்.

சரி, நேற்று எதைவிடச் சூடு? முந்தாநாளைவிட. முந்தாநாள்? அதற்கும் முந்திய நாளைவிட. நாளுக்கு நாள் கொஞ்சம். சொன்னவை எல்லாம் உண்மை. ஆட்டியவை எல்லாம் தலைகள். கொப்பரை நன்றாயிருந்த நாளோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் யார்? ஒருவருமில்லை. செவ்வாய்க்கிழமை, தன் அடுத்த ஷிப்ட் முடிகிற நேரத்தில், ஆசீர்வாதம் கையை நீட்டியபோது மூடி பறந்தது.

பின்வரிசையில் யார், ராஜவேலுவா? பக்கத்துக் கொப்பரை இன்னும் ஓடிக்கினுதான் கீது என்கிறீர்கள். கேட்கிறது. அங்கே நாளை நிற்கப்போவது நீங்கள். எப்படி இருக்கிறது அது? கொஞ்சம் சூடா? எதைவிட?

நீங்களும் தலையைத்தான் ஆட்டுகிறீர்கள். இந்தத் தலையாட்டலுக்குத்தான் ஐயா நான் அஞ்சுகிறேன்.

தோழர்களே, நேற்றைக் கேட்காதீர்கள். நன்றாயிருந்த நாளைக் கேளுங்கள். நினைவில்லையா? தெரியாது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கொப்பரையை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு எட்டி நில்லுங்கள்!

சிரிக்க வந்த விழாவில் இதைப் பொறுத்துக் கேட்டீர்கள், நன்றி, வணக்கம்.

ஒன்று சொல்ல மறந்தேன்: வருகிற வெள்ளிக்கிழமை காலை அவருடைய கண்கட்டைப் பிரிப்பார்கள். விளக்கைக் காட்டி, "முன்னைவிட வெளிச்சமா தெரியுதா?" என்று ஆசீர்வாதத்தைக் கேட்பார்களாம். எந்த நாளைவிட?