சாயாத கம்பி

இல்ல மிஸ், அந்தக் கதவ சாத்தாதீங்க. சாத்தினா தொறக்காது. முந்தாநாள் எங்க வீட்டுக்காரரு தோளக் குடுத்து முட்டித்தான் தொறந்தாரு. மழையில பலகை ஊதியிருக்கும்ங்கிறீங்க. ம்ம், அவரும் அதையேதான் சொல்றாரு. இந்த லயத்துல வரிசையா இருக்கிற அத்தன காம்பராக் கதவும் ஒரே நாள்ல ஊதிக்குமா மிஸ்?

ஒக்காருங்க, ஒக்காருங்க. மலை மேல கம்பியில இருக்கிற பொட்டிக்கு பேட்டரி இப்பவே மாத்தணுமா? இந்த மழையில மேல ஏறவேணாம். அட்டை பிச்சுத் தின்னுரும். மொதல்ல தேத்தண்ணி குடிங்க. சீனி போதுமா? ஆமான்னு சொல்றதுக்கு நீங்க ஓம் ஓம்ங்கிறப்பல்லாம் எனக்கு கோயில்ல நிக்கிற மாதிரியே இருக்கு. யாழ்ப்பாணத்துல எல்லாரும் இப்படித்தானா?

சிரிக்கிறேன்னு நெனச்சிக்காதீங்க. பயம் வந்தா நான் இப்படித்தான், வாயி நிக்காது. காலையில பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துல எனக்கு ரேடியோன்னுதான் பேரு. மீனம்மான்னு கூப்பிட்டா நானே திரும்பிப் பாக்க மாட்டேன்.

எங்க மண்ணு சரியும்னு சொல்ற அந்தக் கலர்ப் படத்த இன்னொருக்கா காட்டுங்க. இது ஃபெக்டரி, இது பொகவந்தலாவை போற ரோட்டு. இந்தச் செவப்பு கீழ் டிவிசன். அப்ப ஆபத்தில்லாத இந்தப் பச்சைதான் நாங்க. நல்லாப் பாத்தீங்களா மிஸ்? கொழுந்து பச்சையா இருக்கிறதப் பாத்து பச்சை அடிச்சுட்டாங்களோ என்னமோ. அப்படி இல்லையா. சரிவு, மண்ணு, மழை, வானத்துல இருந்து எடுத்த படம் எல்லாத்தையும் போட்டுட்டா கம்ப்யூட்டர் தானாப் படிச்சு கலர் சொல்லுதா. அதுலயும் நீங்க மேல நட்டீங்களே, அந்தக் கம்பி சொல்றதத்தான் ரொம்ப நம்புதா. ஆமாமா, அதுதான மண்ணுக்குள்ளயே நிக்குது.

இந்தப் பச்சையாலதான் மிஸ் நாங்க இங்க இருக்கோம். மலையில வெடிப்பு கண்டப்ப எங்களப் பூராவும் ஸ்கூல்ல கொண்டு போய் வச்சாங்க. பெஞ்சுக்கடியில படுத்தோம், பாத்ரூமுக்கு வரிசையில நின்னோம், ஆனா பயமில்லாமத் தூங்கினோம். அப்புறம் ஒங்க படம் வந்துச்சு. ஆபத்து இல்ல, எல்லாரும் லயத்துக்குப் போங்கன்னு தோட்டத்துத் தொரை சொல்லிட்டாரு. மறுநாளே பெரட்டு. புள்ளக் காம்பராவையும் தொறந்துட்டாங்க. அந்தா, மலையடியில தகரக் கூரை தெரியுதே, அதான். கொழுந்துக்குப் போற பொம்பளைங்க புள்ளைங்கள அங்கதான் விட்டுட்டுப் போறது. எங்க சின்னவ ஷாமிலாவும் இப்ப அங்கதான் தூங்குறா. எனக்கு காய்ச்சல்னு சொல்லிட்டு இன்னைக்கு நான் வேலைக்குப் போகல. காய்ச்சலெல்லாம் இல்ல. அந்தக் கூரைய விட்டுக் கண்ணு எடுக்க முடியல, அதான்.

கம்பிக்கு குழி தோண்டினது எங்க வீட்டுக்காரருதான, ஞாபகம் இருக்கா? ஜீவராஜ். தேயிலைச் செடிய மட்டமா கவ்வாத்து வெட்டுறவரு. அந்த எடத்த ஒங்களுக்குக் காட்டினதும் அவருதான். அது கவ்வாத்துச் சாமி எடம் மிஸ். தேயிலைய கவ்வாத்து வெட்டறதுக்கு முன்னால கத்தியெல்லாம் அந்தக் கல்லு முன்னால வச்சு, தேங்கா ஒடச்சு, அதுக்கப்புறந்தான் மலையில எறங்குவாங்க. அதுக்குப் பக்கத்துல நீங்க ஆளு ஒசரத்துக்கு ஒரு வெள்ளக் கம்பிய நட்டு, மலையக் காவல் காக்கத்தான் வச்சிருக்கோம்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. மலையக் காவல் காக்கறதுன்னா எங்க ஆளுங்களுக்கு அது யாரு? நீங்களே சொல்லுங்க.

ஆமா, மஞ்சத்துணி நாங்கதான் கட்டினோம். குங்குமம் கம்பியில மட்டுந்தான் மிஸ், பொட்டியில வைக்கல. பொட்டியத் தொடாதீங்க, ஒயர இழுக்காதீங்கன்னு சொன்னீங்கல்ல. சத்தியமா ஒருத்தரும் தொடல.

கம்பி சாயறதக் காட்டி அந்தக் கோடு ஓடுமே, அதையும் காட்டுங்க. கம்பி லேசா சாயுது. அப்புறம் நிமிருது. மறுபடி சாயுது, மறுபடி நிமிருது. மண்ணு மழையில ஊதி வெயில்ல சுருங்குறதுதான் இதுன்னு கணிச்சிருக்கீங்க. இந்த மலைக்கு இது சகஜந்தான்னு கம்ப்யூட்டருக்கும் பழக்கிட்டீங்களா. இந்தக் கடைசியில அலை கிட்டகிட்ட வருதே, இது என்னா? மழை கூடினதாலயா. ம்ம். இதே மாதிரி மண்ணு இருக்கிற மத்த தோட்டத்துக்கும் இத வச்சுத்தான் கலர் போட்டிருக்கா? ராகலைப் பக்கமுமா? ஐயோ சாமி.

ஒன்னுமில்ல மிஸ். தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

ஒன்னு கேக்கட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது. ஆபீஸ்லயும் சொல்லக் கூடாது, வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க. யாரயா? அத அப்புறம் சொல்றேன். அந்தக் கம்பிய ஒரு ஆளு கையால நிமுத்தி வச்சா, நிமுத்தினது மண்ணா மனுசனான்னு ஒங்க மெசினுக்குத் தெரியுமா?

தெரியாதா.

சாஞ்ச சாமிய அப்படியே விட மாட்டோம் மிஸ். சாமி சாஞ்சு நின்னா கவ்வாத்துக் கத்தி கால வெட்டிரும்னு எங்க ஆளுங்களுக்கு ஒரு பயம். வெள்ளிக்கெழமை வெளக்கு வைக்கப் போறப்ப இவரு இரும்பு அலவாங்கால நெம்பி, கம்பிய நேராக்கி, அடியில கல்லப் போட்டு இறுக்கிட்டு வருவாரு. கல்லு பொறுக்கிக் குடுத்ததே நான்தான். நல்லது செய்யறோம்னு நெனச்சோம் மிஸ். நீங்க வர்றப்ப கம்பி அழகா நிக்கணும்னு.

வெள்ளிக்கெழமை மட்டுந்தான். அது முன்னால. இந்த மழை புடிச்சதுல இருந்து தெனமும் போறாரு. இன்னைக்குக் காலையிலயும் நிமுத்திட்டுத்தான் வந்தாரு. பகல் சோறு திங்கறப்ப யாரோ வந்து திரும்பவும் சாஞ்சிருச்சுன்னு சொன்னாங்க. பாதிச் சோத்துல எந்திரிச்சு அலவாங்கத் தூக்கிட்டுப் போனாரு. இன்னும் எறங்கி வரல. ஒங்கள மேல போகவிடாம ஒக்கார வச்சிருந்தது அதுக்குத்தான், கையும் களவுமா நீங்க பாத்துருவீங்களேன்னு.

எந்திரிச்சுட்டீங்களா. அப்ப சாஞ்சது கம்பி இல்ல, மலைதானா. கொடைய விடுங்க, கொடையப் புடிச்சா கை பத்தாது. மொதல்ல புள்ளக் காம்பராவுக்கு வாங்க மிஸ், ஆளுக்கு ரெண்டு புள்ளையாத் தூக்கிறலாம். அவர நான் ஓடிக்கிட்டே கத்திக் கூப்புடுறேன்.