அன்பரசனைப் பார்த்ததாகச் சொன்னவர்கள்

இந்தத் துயர அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும், பேருந்து நடத்துநராய் ஊர் ஊராய்ச் சுற்றி ஓய்வு பெற்று, இன்று அடி அண்ணாமலை வியாபாரிகள் சங்கத்தை வழிநடத்தும் மதிப்பிற்குரிய ஐயா கோதண்டராமன் அவர்களே, தன் தையல் கடை வாசலையே பந்தலுக்கு விட்டுக்கொடுத்த பெருந்தகை நூருல்லா பாய் அவர்களே, மாலை கட்டிய ஈரக் கையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்கா மணியம்மாள் அவர்களே, பெரியோர்களே, பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

எல்லோரையும் விளித்துவிட்டு ஒருவரை விட்டுவிட்டேன். மகனின் படத்திறப்புக்கு வந்து அமர்ந்திருக்கும் தாயை எந்த அடைமொழி சொல்லி அழைப்பது? எனக்குத் தெரிந்த தமிழில் அதற்குச் சொல் இல்லை. சந்திரம்மா, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

என்னை அறியாதவர்கள் இருக்கலாம். நான் அன்புச்செல்வி. வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். இந்தத் தெருவுக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பட்டிமன்றத்தில் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். இன்று சிரிப்பதற்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. என்னம்மா, பின்னால் கேட்கவில்லையா? தம்பி, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைப்பா. இந்தப் பேச்சு பின்வரிசைக்குத்தான் முக்கியமாய்ப் போய்ச் சேர வேண்டும்.

இதோ, என் இடப்புறம் வெள்ளைத் துணி போர்த்திய படம். துணிக்குள்ளே அன்பரசன். ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் வேலை பார்த்த பிள்ளை. "செங்கம் வரைக்கும் போய்ட்டு வந்துடறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் வரவில்லை. ஏழு ஆண்டுகளாய் வரவில்லை. இந்தத் துணியை அவன் தாய்தான் விலக்க வேண்டும். விலக்குவாரா மாட்டாரா என்பது இந்த நிமிடம் வரை எனக்கே தெரியாது. ஏன் தெரியாது? அதைச் சொல்லத்தான் ஒலிவாங்கியின் முன் நிற்கிறேன். சொல்வதற்கு ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து தொடங்க வேண்டும்.

முகம் சுளிக்காதீர்கள் ஐயா. படத்திறப்பில் சீரியல் பேச்சா என்று கேட்கிறீர்கள். ஆம், சீரியல் பேச்சுதான். அந்தச் சீரியல் இல்லையென்றால் இந்தப் படத்திறப்பே இல்லை.

'கல்மேடு' என்ற அந்தத் தொடரை மறந்திருக்க மாட்டீர்கள். ஞாயிறு மாலை வந்தால் பாய் கடையில் ஊசி ஓயும், கத்தரி ஓயும், கடைவாசல் மட்டும் ஓயாது. உள்ளே பெரிய தொலைக்காட்சி, வெளியே பலகையில் பாதித் தெரு. கதை என்ன? பள்ளிக்குப் போன பையன் வீடு திரும்பவில்லை. கடத்தியவன் யார்? வாரம் ஒரு முகத்தைக் காட்டுவான், வாரம் ஒரு முடிச்சைப் போடுவான், முடிச்சு இறுகுகிற நேரத்தில் 'தொடரும்' என்பான். மாமன் மீது மணியம்மாள் அக்காவுக்குச் சந்தேகம். டியூஷன் வாத்தியார் மீது பாய்க்குச் சந்தேகம். பள்ளி வேன் ஓட்டுநர்தான் என்று நம் தலைவர் சத்தியமே செய்வார். திங்கள் முதல் சனி வரை இதே வழக்கு, இதே வாதம். ஒரு வாரம் அக்காவும் பாயும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். மாமனுக்கும் வாத்தியாருக்கும் நடந்த சண்டையில் ஒரு ரவிக்கை தைக்காமல் நின்றது.

அந்தக் கூட்டத்தில் யாரையும் சந்தேகப்படாத ஒருவர் இருந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் சுக்குக் காபி விற்கிறாரே, அந்தச் சந்திரம்மாள். யார் கடத்தியது என்று அவர் கேட்டதே இல்லை. பையன் முகம் திரையில் வரும்வரை வாய் திறக்க மாட்டார். வந்ததும் என் பக்கம் திரும்பி, "பையன் உயிரோட கீறான் இல்ல டீச்சர்?" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு பதிலில் அவருக்கு ஒரு வாரம் ஓடும்.

தன் மகன் திரும்ப வேண்டும் என்று மலை சுற்றுகிறவர், அந்தத் திரைப் பையனுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டார். கற்பனைப் பிள்ளைக்கு வேண்டுதலா என்று நான் கேட்டேன். "அந்தப் பையன் வூடு வந்துட்டா, என் பையனும் வந்துடுவான் டீச்சர். எனக்கு அப்படித்தான் தோணுது" என்றார்.

பிறகு என்ன நடந்தது? ஒரு ஞாயிறு திரையின் அடியில் ஒரு வரி ஓடியது. தவிர்க்க இயலாத காரணங்களால் 'கல்மேடு' இனி ஒளிபரப்பாகாது. அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் சமையல் போட்டி. பையன் எங்கே? காட்டிலா, கிணற்றிலா, கட்டிய கயிற்றிலா? சொல்ல ஆளில்லை. நமக்கெல்லாம் ஒரு பொழுதுபோக்கு போயிற்று. சந்திரம்மாளுக்கு என்ன போயிற்று என்று எண்ணிப் பாருங்கள் தாய்மார்களே. சோறு இறங்கவில்லை. உறக்கம் பிடிக்கவில்லை. அந்தப் பௌர்ணமிக்குச் சுக்குக் காபி அடுப்பு எரியவில்லை.

தெரு கூடிப் பேசியது. நல்ல மனசோடுதான் பேசியது. அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. நல்ல மனசு செய்த கெடுதலைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். என்ன முடிவு செய்தார்கள்? கதையின் மிச்சம் செல்போனில் வந்துவிட்டது, பையன் பத்திரமாய் வீடு சேர்ந்துவிட்டான் என்று சந்திரம்மாளிடம் சொல்லிவிடுவது. அந்த வாரம் நான் விடைத்தாள் திருத்த வேலூர் போயிருந்தேன். எல்லாவற்றையும் பேசி முடித்தவர்கள் ஒன்றை மட்டும் பேச மறந்தார்கள். கடத்தியவன் யார்?

முதலில் போனது மணியம்மாள் அக்கா. "பையன் வந்துட்டானாம் சந்திரா, எழுந்து சாப்புடு." படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "யாரு தூக்கினு போனதாம்?" ஒரு நொடி யோசிக்க வேண்டாமா? அக்கா யோசிக்கவில்லை. "வேற யாரு, அந்த மாமன்காரன்தான்." மாலையில் பாய் போனார். அவரிடமும் அதே கேள்வி. "டியூஷன் வாத்தியார்மா. நான்தான் மொதல்லயே சொன்னேனே." மறுநாள் தலைவர் போனார். "வேன் டிரைவர். வண்டித் தொழில்ல இருக்கறவனைப் பத்தி எனக்குத் தெரியாதா இன்னா?"

சிரிக்கிறீர்கள். சிரிப்பு வரும், தெரியும். மாதக் கணக்கில் தான் கட்டிக் காத்த சந்தேகத்தைத் தோற்க விட யாருக்குத்தான் மனம் வரும்? அவரவர் எதிரியை அவரவர் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் சந்திரம்மாள் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பாய் கடைக்கு வந்தார். சமையல் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் இருந்தோம், நானும் இருந்தேன். தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னார். நின்றபடியே கேட்டார். கேட்டதை அப்படியே சொல்கிறேன், கூட்டிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"ஒரு கதைக்கு மூணு பேரும் மூணு முடிவு சொன்னீங்க. சரி, நான் சாப்புடணும்னு சொன்னீங்க. என் பையனையும் மூணு பேரு மூணு ஊர்ல பார்த்தீங்களே, அது எதுக்குச் சொன்னீங்க?"

பெரியோர்களே, அன்றுதான் எனக்கு அந்தப் பழைய கதை தெரிந்தது. அன்பரசன் காணாமல் போன மாதத்திலேயே பாய் பெங்களூர் மார்க்கெட்டில் அவனைப் பார்த்தாராம். "உடம்பு நல்லா கீதும்மா, கொஞ்சம் சதை ஜாஸ்தி போட்டுட்டான்." அதன் பிறகு அக்கா திருப்பதி வரிசையில் பார்த்தாராம், மொட்டைத் தலையோடு. தலைவர் ஓசூர் பஸ் நிலையத்தில் பார்த்தாராம், கையாட்டிவிட்டு வண்டி ஏறினானாம். அம்மாவைப் பார்க்க வருவதாக எல்லா ஊரிலும் சொன்னானாம்.

அழுகிற தாயைத் தேற்ற வேண்டும். தேற்றினார்கள். அழுகை நின்றது. அதோடு வேறு என்ன நின்றது தெரியுமா? தேடல் நின்றது. காவல் நிலையத்துக்குப் போக வாசல்வரை வந்த சந்திரம்மாள் திரும்பி வீட்டுக்குள் போனார். "பார்த்தவங்க கீறப்போ, காணோம்னு எப்படி டீச்சர் எழுதித் தர்றது?" என்று பின்னாளில் என்னிடம் கேட்டார். எப்படி எழுதித் தருவது? நீங்கள் சொல்லுங்கள். மகன் பெங்களூரில் சதை போட்டிருக்கிறான், திருப்பதியில் கும்பிட்டிருக்கிறான், ஓசூரில் கையாட்டியிருக்கிறான். அவனைக் காணவில்லை என்று எந்தத் தாய் கையெழுத்துப் போடுவாள்?

ஏழு ஆண்டு கழித்துப் போட்டார். நான்தான் கூடப் போனேன். காவல் நிலையத்தில் பழைய கோப்புகளைத் தேடிப் பார்த்து, சில வாரங்களில் கூப்பிட்டுச் சொன்னார்கள். அன்பரசன் போன அதே வாரம், செங்கம் சாலையில், வண்டி ஏதோ மோதி ஓர் இளைஞன் இறந்துகிடந்தான். முகம் அடையாளம் தெரியவில்லை. கேட்டு யாரும் வரவில்லை. காத்திருந்துவிட்டு எரித்துவிட்டார்கள். உயரம் பொருந்துகிறது, நாள் பொருந்துகிறது. சட்டையின் படம் இருந்தது. காலரின் உள்ளே நம் பாய் கடையின் துணிச்சீட்டு தைத்திருந்தது.

கொள்ளி வைக்கத் தாய் இருந்தாள், தூக்கிச் செல்லத் தெரு இருந்தது, மாலை கட்டக் கை இருந்தது. இருந்தும் யாருமற்றவனாய் எரிந்தான். நாம் கொன்றோமா? இல்லை. நாம் கெடுத்தோமா? நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பொய் சொன்னோம், இனிப்பாய்ச் சொன்னோம், இரக்கத்தோடு சொன்னோம். அப்போதே ஒரு புகார் இருந்திருந்தால் அவன் பெயரோடு எரிந்திருப்பான். உங்கள் யார் மீதும் கோபம் இல்லை என்று சொல்லத்தான் நினைத்து வந்தேன். கொஞ்சம் இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது என் பேச்சு இல்லை. சந்திரம்மாள் என்னிடம் சொல்லி அனுப்பியது. பாய் தைத்த சட்டை இந்த ஊரில் பாதிப் பேர் முதுகில் இருக்கிறது. ஆகவே செத்தவன் அன்பரசன்தான் என்று முழுசாய் நம்ப அவரால் முடியவில்லை. பாதி மனசு இந்தப் படத்தின் முன்னால் அழுகிறது. மீதி மனசு பெங்களூரிலும் திருப்பதியிலும் ஓசூரிலும் நிற்கிறது. அந்த மூன்றில் ஒன்று நிஜமென்றால், இந்தத் துணியை விலக்குவது உயிரோடிருக்கும் பிள்ளைக்குச் செய்கிற பாவம் என்று கிடந்து தவிக்கிறார். அவர் கேட்பது ஒன்றே ஒன்று.

"என் பையனைப் பார்த்தேன்னு சொன்னவங்க, பார்க்கலனு வந்து சொல்லிட்டாப் போதும். நான் கோச்சுக்க மாட்டேன். சண்டை போட மாட்டேன். எனக்குத் தெரியணும், அவ்ளோதான்."

அவையோரே, நான் நிறுத்துகிறேன். யாராவது வருவீர்களா?

பாய் எழுந்திருக்கிறார். வழி விடுங்கள். வாங்க பாய், மெதுவாக. மைக் வேண்டாமா? சரி, சந்திரம்மாவிடமே சொல்லுங்கள். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்லிவிடுகிறேன். "நான் மார்க்கெட்டுக்குப் போனது நெஜம்மா. உன் பையனைப் பார்க்கல." அதைத்தான் சொன்னார்.

மணியம்மாள் அக்கா, அழாமல் வாருங்கள். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டார்கள்.

தலைவர் அவர்களே. ஐயா. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டீர்கள், நன்றி. என்ன ஐயா? "கையாட்டினது வேற ஒரு பையன். அது அன்பரசன் இல்லனு எனக்கு அப்பவே தெரியும்." போய் அவர்களிடம் சொல்லுங்கள் ஐயா. என்னிடம் வேண்டாம்.

மூவர்தான் என்று நினைத்திருந்தேன். பின்னால் யார் அது எழுந்திருப்பது? நீங்களுமா? எந்த ஊரில் அண்ணா? கோயம்பேட்டிலா? அந்த ஓரத்தில் இரண்டு பெண்கள் வருகிறார்கள். நீலச் சட்டைக்காரர், நீங்கள்? பழனியிலா? வாருங்கள். இடிக்காமல் வரிசையாய் வாருங்கள். இவ்வளவு பேரா? இத்தனை ஊர்களிலா அந்தப் பிள்ளையை உயிரோடு உலவ விட்டோம்? சொல்லுங்கள். ஒவ்வொருவராய்ச் சொல்லுங்கள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்.

போதும், எல்லோரும் சொல்லியாயிற்று. சந்திரம்மா எழுந்துவிட்டார்கள். யாரும் தாங்கிப் பிடிக்க வேண்டாம், அவர்களே வருகிறார்கள். தாய்மார்களே, ஐயாமார்களே, எழுந்து நில்லுங்கள்.

துணியை விலக்கிவிட்டார்கள். இவன்தான் அன்பரசன். இந்த முகத்தை நன்றாகப் பாருங்கள், இந்த ஏழு ஆண்டுகளில் உங்களில் பலர் இப்போதுதான் பார்க்கிறீர்கள்.

வந்திருந்தவர்களுக்கு நன்றி. வாய் திறந்து சொன்னவர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. அந்தத் தாய் இனி அழட்டும், யாரும் போய்த் தேற்ற வேண்டாம். வணக்கம்.