கம்பி அறுந்த மூன்று நாட்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் குருவானவர் அவர்களே, தபால் தந்தி நண்பர்களே, முதுநகர்த் தாய்மார்களே! மறைந்த தந்தி மாஸ்டர் தேவசகாயம் அவர்களோடு பதினொரு ஆண்டுகள் ஒரே மேசையில் வேலை பார்த்த நூர்முகம்மது நான். உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அவர் தைரியசாலி என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். இல்லை, நண்பர்களே. அவர் பயந்தவர். அறுபத்தொன்றாம் ஆண்டில் மனைவி இறந்த பிறகு, தந்திக் கருவியைத் தொட்டாலே அவர் விரல்கள் நடுங்கும். வருகிற செய்தி எல்லாமே சாவுச் செய்தி என்று தோன்றும். சோறு இறங்காது. ராஜினாமாக் கடிதம்கூட எழுதி வைத்துவிட்டார்.

அந்த நாட்களில் மதியம் தேவாலயத்துக்குப் போய் உட்காருவார். ஒருநாள் நானும் போனேன். நீலக் கண்ணாடி வழியே இறங்கிய வெயில் தரையில் தண்ணீர்போல அசைந்தது. கடற்காற்று வந்து வந்து போயிற்று. எவ்வளவு நேரம் இருந்தோமோ, இன்று நினைத்தாலும் கனவுபோல இருக்கிறது. வெளியே வந்ததும், என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கல பாய். பயமா இருக்குன்னு சொன்னேன். அப்புறம் சும்மா உக்காந்திருந்தேன். அவரு பக்கத்துல இருக்காருன்னு தோணுச்சு. அது போதும்."

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஐப்பசிப் புயலை மறந்தவர் இங்கே உண்டா? கரையோர ஊர்களைக் காலி செய்யச் சொல்லிச் சிதம்பரத்துக்குத் தந்தி அடிக்க வேண்டும். அவருடைய ஒரே மகள் கிரேஸ் அந்தக் கரையோரத்தில்தான், கிள்ளையில் ஆசிரியை. மேசையில் நெற்றியை வைத்து ஜெபித்தார். ஒரு நிமிடம்தான் இருக்கும். நிமிர்ந்தார். ஒரு எழுத்துகூடப் பிசகாமல் அடித்து முடித்தார். கிடைத்தது என்று பதில் வந்தது, கம்பி அறுந்தது.

மூன்று நாள் தகவலே இல்லை. என்னால் சாப்பிட முடியவில்லை, அவர் சாப்பிட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. எப்படி முடிகிறது என்று கேட்டே விட்டேன்.

"பயம் போவல பாய். அவ என் கையில இல்ல, அவரு கையில இருக்கான்னு வுட்டுட்டேன். அதான் கை நிக்குது."

செய்தி வராமலே நிம்மதி வந்த மனிதரை அன்றுதான் பார்த்தேன்!

நாலாம் நாள் கிரேஸ், முழங்கால்வரை சேற்றோடு அலுவலகத்துக்குள் வந்தாள். தந்தி கிடைத்த உடனே ஊரைக் கிளப்பியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைச் சிதம்பரம்வரை நடத்திக் கூட்டிப் போனவள் அவள்தான். அப்போதுதான் அவர் அழுதார். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

அதற்குப் பிறகு இந்த ஊருக்கு வந்த ஒவ்வொரு சாவுத் தந்தியையும் அவரே கொண்டு போனார். பினாங்கில் கணவனை இழந்த சலீமா பீவி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் அழுது ஓய்ந்த பிறகே எழுந்தார்.

தேவசகாயம் சார், அந்தத் தந்திகளை இனி நாங்கள் கொண்டு போவோம். கதவிடுக்கில் செருகிவிட்டு வர மாட்டோம். பக்கத்தில் உட்காருவோம். இது நம் அலுவலகத்தார் அத்தனை பேரும் சேர்ந்து தரும் வாக்கு.

நேற்று வண்டிப்பாளையத்துக்குச் சாவுத் தந்தி ஒன்று வந்தது. நான்தான் போனேன். வாசலில் நின்று, எனக்குப் பயமாக இருக்கிறது என்று இறைவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பிறகு கதவைத் தட்டினேன்.